மாருதி 800ல கியர்பாக்ஸ் மாத்துறது எப்படி

முதல்ல ஒண்ணு, கியர் பெட்டியை இறக்குறதுக்கு முன்னாடி அது நிஜமாவே போச்சான்னு பாத்துக்கங்க. இன்ஜின் ஆஃப்ல கியர் வெண்ணெய் மாதிரி விழுது, ஸ்டார்ட் பண்ணா கறகறன்னு கத்துதுன்னா அது பெரும்பாலும் கிளட்ச் இல்லனா கிளட்ச் கேபிள். நியூட்ரல்ல ஊங்குற சத்தம் கிளட்ச் மிதிச்சா நிக்குதா, அப்போ பெட்டிக்குள்ள இருக்குற பேரிங் மேல சந்தேகப்படலாம். மிதிச்சா தான் சத்தமே வருதுன்னா ரிலீஸ் பேரிங் (கிளட்சை அழுத்துற பேரிங்), அதுக்கு பெட்டி மாத்த வேணாம்.

பழைய பெட்டி சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிற இடத்துல வாங்குறீங்கன்னா இன்புட் ஷாப்டை (கிளட்ச் பிளேட்ல சொருகுற தண்டு) கையால சுத்தி ஒவ்வொரு கியரா போட்டு பாருங்க, எண்ணெய்ல பல்லு துண்டு கிடந்தா திரும்பி வந்துடுங்க. 4 கியரா 5 கியரான்னும் கேட்டுக்கங்க.

வேலைன்னு பாத்தா, பேட்டரி நெகட்டிவ் கழட்டி, வண்டியை ஸ்டாண்டு மேல நிறுத்தி (ஜாக்கை மட்டும் நம்பி அடியில போகாதீங்க சாமி), கியர் ஆயிலை வடிச்சிட்டு கிளட்ச் கேபிள், ஸ்பீடோ கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், கியர் ராடு, ஸ்டார்ட்டர் எல்லாம் பிரிக்கணும். அப்புறம் கீழ் பால் ஜாயின்ட்டை விட்டு ரெண்டு டிரைவ் ஷாப்ட்டையும் நெம்பி எடுத்துடலாம். இன்ஜினுக்கு அடியில பலகை வச்சு ஜாக் முட்டு குடுத்த பிறகு தான் மவுண்ட்டை (இன்ஜினையும் பெட்டியையும் வண்டியோட தாங்கிப் பிடிக்கிற பிடிப்பு) தொடணும்.

பெல் ஹவுசிங் (இன்ஜினோட சேர்ற பெட்டியோட வாய்) போல்ட் கழட்டுனதும் ரெண்டு பேரா பெட்டியை நேரா இழுங்க, ஷாப்ட்டோட பெட்டியை கிளட்ச் பிளேட்ல தொங்க விட்டீங்கன்னா பிளேட் கோணிக்கும்.

பெட்டி கீழ இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஷாப்ட் ஆயில் சீல் எல்லாம் மாத்திடுங்க. நான் ஒருதடவை சீலுக்கு கஞ்சத்தனம் பண்ணி அதே வேலையை மறுபடி முழுசா செஞ்சேன், வீட்ல இன்னும் சொல்லிக் காட்டுறாங்க.

ஏத்தும்போது தான் பொறுமை வேணும். பழைய இன்புட் ஷாப்ட் ஒண்ணு கெடச்சா அதை சொருகி கிளட்ச் பிளேட்டை நடு சென்டர்ல வச்சு, அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டோட போல்ட்டை எதிரெதிரா டைட் பண்ணுங்க. பெட்டி ஒரு விரல் இடைவெளியில நின்னுடுச்சா, போல்ட்டை முறுக்கி இழுக்கவே கூடாது, ஹவுசிங்ல போல்ட் போற காது உடையும். டாப் கியர்ல போட்டு அவுட்புட் பக்கம் (டிரைவ் ஷாப்ட் சொருகுற பக்கம்) லேசா சுத்துனா பல்லு பொருந்தி தானா உக்காரும்.

டிரைவ் ஷாப்ட் டக்குன்னு சத்தத்தோட உள்ள போகணும். ஆயில் ஜிஎல்-4 ரக கியர் ஆயில் தான், லெவல் ஓட்டையில வழியுற வரைக்கும் ஊத்துங்க. கிளட்ச் கேபிள்ல கொஞ்சம் லூஸ் விட்டு, சக்கரம் தூக்கி இருக்கும்போதே எல்லா கியரும் போட்டு பாத்துட்டு இறக்குங்க.