வாய் திறந்தே இருக்கும் பிள்ளைக்கும் குறட்டை விடும் பெரியவருக்கும் நாக்குப் பயிற்சி

பல்லுக்குக் கிளிப் போட்டுக் கழற்றி, நகர்ந்த பல்லை அதே இடத்தில் நிறுத்திவைக்கும் ரீடெய்னரும் ஒழுங்காக மாட்டி, அப்படியும் முன்பற்களுக்கு நடுவே மறுபடி இடைவெளி விழுகிறது என்றால் முதலில் நாக்கைப் பாருங்கள். பல்லை நகர்த்த மெல்லிய, விடாத அழுத்தமே போதும். ஒரு முறை எச்சில் விழுங்க ஏறக்குறைய ஒரு நொடிதான் ஆகிறது. மற்ற நேரமெல்லாம் நாக்கு எங்கே கிடக்கிறது என்பதுதான் பல்வரிசையைத் தீர்மானிக்கிறது. மயோஃபங்ஷனல் தெரபி எனப்படும் வாய்-முகத் தசைப் பயிற்சியின் குறிக்கோள் இதுவே: சும்மா இருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, உதடு மூடி, மேல் கீழ்ப் பற்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகி, மூச்சு மூக்கால் போக வேண்டும்.

மூக்கிலிருந்து தொடங்குங்கள்

மூக்கடைத்த பிள்ளையிடம் "வாயை மூடு, வாயை மூடு" என்று சொல்லிச் சொல்லி ஒன்றும் ஆகாது. குளிர்ந்த தண்ணீரில் நனைத்துத் துடைத்த சின்னக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடியுங்கள். மூச்சு விடும்போது இரண்டு பக்கமும் ஆவி படிய வேண்டும். பிறகு உட்காரவைத்து, உதட்டை மூடி 3 நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சு விடச் சொல்லுங்கள். நடுவில் வாய் திறந்துகொண்டால் பயிற்சியை ஒத்திவைத்துக் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதை, பெருத்த டான்சில், தூசி அலர்ஜி, வளைந்த மூக்குத்தண்டு, இவற்றில் எது இருந்தாலும் அதைக் கவனிக்காமல் செய்யும் பயிற்சி நிலைக்காது. குழந்தை தூக்கத்தில் குறட்டை விட்டாலோ மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ தள்ளிப்போடவே கூடாது. வாயில் டேப் ஒட்டித் தூங்கவைக்கும் வீடியோக்களைப் பார்த்துக் குழந்தைக்கு அப்படிச் செய்துவிடாதீர்கள். ராத்திரி மூக்கடைத்தால் மூச்சுக்கு வேறு வழி இருக்காது.

4 வயதுக்குக் கீழே முறையான பயிற்சி சாத்தியமில்லை. விரல் சூப்புவதையும் பால் புட்டியையும் நிறுத்தி, கடித்து மெல்லும் உணவு கொடுத்தாலே அந்த வயதுக்குப் போதும். நாக்கை முன்னே தள்ளி விழுங்குவது கைக்குழந்தைக்கு இயல்பானது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு வயதுவாக்கில் தானாக மாறும். விழுங்கும் பயிற்சியை ஏழு, எட்டு வயதில் தொடங்கலாம்.

நாக்கு நுனிக்கு இடம்

மேல் முன்பல்லுக்குப் பின்னால், ஈறைத் தாண்டி, வரிவரியாக ஒரு மேடு இருக்கும். காட்டன் பட்ஸால் அங்கே தொட்டுக் காட்டுங்கள். ‘ன்’ என்று சொல்லி நாக்கை எடுக்காமல் நிறுத்தினால் நுனி அங்கேதான் நிற்கும். பல்லைத் தொடக் கூடாது. முதல் வாரம் இது மட்டும் போதும்: 10 நொடி வைத்திருப்பது, 10 முறை, கண்ணாடி பார்த்து.

நுனி பழகியதும் முழு நாக்கையும் மேலே ஒட்டவைக்க வேண்டும். நாக்கை அண்ணத்தோடு உறிஞ்சி ஒட்டி, ‘டொக்’ என்று சத்தம் வர இழுத்து விடுங்கள், 15 முறை. பிறகு சத்தம் வராமல் ஒட்டியபடியே வாயை மட்டும் நன்றாகத் திறந்து 5 நொடி, பழகப் பழக 10 நொடி. இங்கேதான் பெரும்பாலோர் தவறுவார்கள். நாக்கு சோம்பலாக இருக்க, தாடை மேலே ஏறி அதன் வேலையைச் செய்துவிடும். முகவாயில் ஒரு விரலை வைத்துத் தாடையை அசையாமல் பிடித்துக்கொண்டால் உண்மை தெரிந்துவிடும். இன்னொரு தவறு, நடுநாக்கு ஒட்டியிருக்க ஓரங்கள் சரிந்து தொங்குவது. அப்படியானால் வாயைக் குறைவாகத் திறந்து செய்யுங்கள்.

எவ்வளவு முயன்றும் நாக்கு எழவில்லையா? வாயை முழுக்கத் திறந்து மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே உள்ள அளவை ஸ்கேலால் எடுங்கள். நுனியை மேட்டில் வைத்தபடி மறுபடி திறந்து அளந்து பாருங்கள். இரண்டாவது அளவு முதலாவதில் பாதிகூட இல்லையென்றால் நாக்கின் அடியில் இருக்கும் நார் குட்டையாக இருக்கலாம். பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதை வெட்டிவிடுவதோடு வேலை முடியாது. முன்பும் பின்பும் பயிற்சி இல்லாவிட்டால் நாக்கு பழைய இடத்திலேயே கிடக்கும்.

உதடு

பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்போது ஒரு ஐஸ் குச்சியைக் குறுக்காக உதடுகளுக்கு நடுவே, பல் படாமல் பிடிக்கட்டும். 2 நிமிடத்தில் தொடங்கி 10 நிமிடம் வரை போகலாம். முகவாயைக் கவனியுங்கள்: தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகுழியானால் கீழுதட்டை முகவாய்த் தசைதான் தூக்குகிறது. நேரத்தைக் குறைத்து, மேலுதட்டைக் கீழே இறக்கச் சொல்லுங்கள்.

விழுங்குவது

நுனியை மேட்டில் வைத்து, கடைவாய்ப் பற்களை லேசாகச் சேர்த்து, பல் தெரியச் சிரித்தபடி எச்சிலைப் பின்னுக்கு உறிஞ்சி விழுங்க வேண்டும். உதடு திறந்திருப்பதால் நாக்கு வெளியே எட்டிப் பார்த்தால் உடனே தெரியும். 10 முறை சரியாக வந்த பிறகு மருந்துக் கப்பால் 5 மில்லி தண்ணீர். தண்ணீர் பல்லிடுக்கில் முன்னால் வழிந்தால் நாக்கு தள்ளுகிறது என்று அர்த்தம். மறுபடி எச்சிலுக்கே போங்கள். அடுத்து தயிர், அதற்கும் பிறகு வாழைப்பழம், பிஸ்கட். இந்த நாட்களில் தண்ணீரை டம்ளரில் வாய் வைத்தே குடிக்கட்டும். அண்ணாந்து குடிக்கும்போது வாய் திறந்தபடியே விழுங்க வேண்டியிருப்பதால் பழைய பழக்கம் திரும்பிவிடும்.

பெரியவர்களின் குறட்டைக்கு

பிரேசிலின் சாவோ பாலோவில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நடுத்தர அளவு தூக்க மூச்சுத்திணறல் உள்ளவர்கள் தினமும் இப்படிப் பயிற்சி செய்தார்கள். மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்குச் சராசரி 22 தடவையிலிருந்து 3 மாதத்தில் 14-க்கு இறங்கியது. இறக்கம் நல்லதுதான், ஆனால் 14 என்பதும் நோயின் கணக்கிலேயே வருகிறது. அதனால் தூங்கும்போது காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபேப் கருவி மாட்டுபவர் பயிற்சியை நம்பி அதை நிறுத்தக் கூடாது. மறுபடி தூக்கப் பரிசோதனை எடுத்து மருத்துவர் சொன்ன பிறகே முடிவு.

செய்ய வேண்டியவை: நுனியை மேட்டில் வைத்து அண்ணத்தோடு பின்னுக்கு இழுப்பது 20 முறை, முழு நாக்கையும் அண்ணத்தில் ஒட்டி அழுத்துவது 20, நுனி கீழ் முன்பல்லைத் தொட்டிருக்க, பின்நாக்கைக் கீழே அழுத்துவது 20, கண்ணாடியில் பார்த்தபடி உள்நாக்கு மேலே எழும்ப ‘ஆ’ சொல்வது 20. பலரும் கடைசியைச் சத்தமாகக் கத்துவதாக நினைக்கிறார்கள். உள்நாக்கு எழாவிட்டால் எவ்வளவு சத்தம் போட்டும் பலன் இல்லை.

அளவும் காலமும்

பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் மூன்று பயிற்சிக்கு மேல் வேண்டாம். நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு 5 முதல் 10 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை சேர்த்துவைத்து ஒரு மணி நேரம் செய்வது வீண். தாடை மூட்டில் வலியோ ‘கிளிக்’ சத்தமோ வந்தால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பயிற்சி முடிய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். இதைத் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளரோ பல் சீரமைப்பு மருத்துவரோ ஆரம்பத்தில் வாரம் ஒரு முறையாவது பார்த்துத் திருத்துவது நல்லது, ஏனென்றால் தவறாகச் செய்த 20 முறையும் தவறான பழக்கத்தையே வலுப்படுத்தும். ஐந்தாறு வாரம் கழித்து, பிள்ளை டிவி பார்க்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் கவனியுங்கள். உதடு மூடியிருக்கிறதா என்று அப்போது பார்ப்பதே உண்மையான சோதனை. தூங்கிய பிறகு ஒரு தடவையும் பாருங்கள். பகலில் மூடியிருக்கும் வாய் ராத்திரியில் திறந்தே கிடந்தால் மறுபடி மூக்கைப் பரிசோதிக்க வேண்டும்.