கைக்குழந்தை முதல் பாட்டி வரை: எந்தச் சேவைக்கு எந்த வாசல்?

வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு செய்தியாவது சுற்றி வருகிறது. “புதிய திட்டம், குடும்பத்துக்கு இத்தனை ஆயிரம், இன்றே கடைசி நாள்” என்று தலைப்பு. கீழே ஒரு இணைப்பு. அழுத்திப் பார்த்தால் வெறும் விளம்பரம், இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு விவரம் கேட்கும் மோசடி. அதை ஊருக்கெல்லாம் அனுப்பிவைக்கிறவரிடம், “உங்கள் தெரு அங்கன்வாடியில் என்ன தருகிறார்கள்?” என்று கேளுங்கள். விழிப்பார்.

தமிழ்நாட்டில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பெயர்தான் நிலைப்பதில்லை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று வந்தது, ஆட்சி மாறியதும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. தொகையும் விதியும் மாறிக்கொண்டே இருக்கும். அலுவலகங்கள் மாறுவது அரிது. அதனால் யார் எந்த வாசலுக்குப் போவது, என்ன காகிதத்தோடு போவது, இழுத்தடித்தால் அடுத்து எங்கே என்பதைத் தெரிந்துகொண்டால் நாளை வரும் புதுத் திட்டத்துக்கும் அதே வழிதான்.

படி 1: வீட்டில் உள்ளவர்களை எழுதுங்கள்

ஒரு நோட்டில் ஒரு பக்கம் போதும். ஒவ்வொருவர் பெயர், ஆதாரில் உள்ளபடி பிறந்த தேதி, என்ன செய்கிறார், உடல்நிலை. “மாணவி, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்”, “கொத்தனார், 52 வயது”, “கணவர் இறந்தவர்”, “சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்” என்கிற அளவுக்கு எழுதுங்கள். சேவைகள் பெரும்பாலும் குடும்பத்துக்கு அல்ல, குடும்பத்தில் உள்ள ஒருவரின் வயதுக்கோ நிலைமைக்கோ கிடைப்பவை. இப்படி எழுதிப் பார்த்தால்தான் யார் பெயரில் கேட்பது என்று புரியும்.

படி 2: காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

அலைச்சலில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான். அவசரப்பட்டு விண்ணப்பிக்காதீர்கள்.

ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புத்தகம் மூன்றையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் முருகாயி, இன்னொன்றில் முருகாயம்மாள், மூன்றாவதில் தலைப்பெழுத்து முன்னால் வந்து மு. முருகாயி. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். எதை மாற்றுவது என்ற குழப்பம் வந்தால் ஆதாரில் உள்ளதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதற்கு ஏற்பத் திருத்துங்கள். பணம் ஆதார் வழியாகத்தான் வருகிறது.

ஆதாரிலேயே பிழை என்றால் கவனம் தேவை. பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்த முடியும். பல முதியவர்களின் ஆதாரில் ஜனவரி 1 என்று ஒரு தேதியும் யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன ஆண்டும் இருக்கும். 65-ஐத் தாண்டிய பாட்டிக்கு அட்டையில் 57 என்றிருந்தால் ஓய்வூதிய விண்ணப்பம் முதல் பக்கத்தைத் தாண்டாது. பிறந்த ஆண்டைக் காட்டும் சரியான ஆவணம் கையில் இல்லாமல் திருத்த மையத்தில் போய் நிற்காதீர்கள்.

அடுத்தது கைபேசி எண். ஆதாரோடு எந்த எண் இணைந்திருக்கிறது? பாட்டியின் ஆதாரில் துபாய்க்குப் போன பேரனின் பழைய எண் இருந்தால், இ-சேவை மையத்தில் ஓடிபி வராமல் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். வங்கியிலும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “அரசுப் பணம் வருவதற்கு ஆதாரோடு இணைந்திருப்பது இந்தக் கணக்குதானா?” பல வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு, மறந்துபோன ஏதோ ஒரு கணக்கில் பணம் போய் விழுந்துகொண்டிருப்பது உண்டு.

கடைசியாக வருமானச் சான்று. ஓராண்டுதான் செல்லும். போன ஆண்டு வாங்கியதை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருப்பதில் பயனில்லை.

படி 3: ஆளுக்கு ஏற்ற வாசலைத் தேடுங்கள்

கர்ப்பிணி, கைக்குழந்தை: இரண்டு பேரை அறிமுகம் செய்துகொண்டால் போதும். ஒருவர் கிராம சுகாதாரச் செவிலியர். நகரமென்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர். 12 வாரத்துக்குள் அவரிடம் கர்ப்பத்தைப் பதிவுசெய்து பிக்மி எண்ணை வாங்கிவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுதான் வழி, பின்னர் பிறப்புச் சான்று பதிவிலும் அதைக் கேட்பார்கள். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இந்த எண் வேண்டும். பலர் இதைக் கடைசி மாதத்தில்தான் கேள்விப்படுகிறார்கள். இன்னொருவர் அங்கன்வாடிப் பணியாளர். சத்துமாவு, எடை பார்ப்பது, முன்பருவக் கல்வி எல்லாம் அவர் கையில். குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவுசெய்தால் கட்டணம் இல்லை. ஓராண்டைத் தாண்டினால் மேலதிகாரியின் ஆணை வரை இழுக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு, காலை உணவு, சீருடை எல்லாம் பள்ளியிலேயே நடந்துவிடுகிறது. தனியாக அலைய வேண்டியதில்லை. கல்லூரியில்தான் குழப்பம். அரசுப் பள்ளியில் படித்தவர்கள் உயர்கல்விக்குப் போகும்போது மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்கப்பட வேண்டியவை. இதற்காக இ-சேவை மையத்தில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கல்லூரி அலுவலகத்தில் இதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், அவரைப் பாருங்கள்.

உழைக்கும் வயதினரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அவர்களே உட்பட. கொத்தனார், சித்தாள், தையல்காரர், ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வேலை செய்பவர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துபவர் என்று தொழில்வாரியாக நல வாரியங்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, மகப்பேறுக்கு, விபத்துக்கு, இறப்புக்கு உதவி. 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம். சேரும் வயது 18 முதல் 60 வரை. மேலே உதாரணமாக எழுதிய 52 வயதுக் கொத்தனாருக்கு இன்னும் எட்டு ஆண்டுகள்தான் கதவு திறந்திருக்கும். மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம்தான் வாசல், இணையத்திலும் பதிவுசெய்யலாம். சேர்ந்த பிறகு உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத அட்டையை வைத்துக்கொண்டு உதவி கேட்டுப் போய்த் திரும்பி வருகிறவர்கள் ஏராளம். புதுப்பிக்க வேண்டிய தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்.

நோய்க்கு: ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் இதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். பெரிய சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீடு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்த பிறகு அட்டைக்கு ஓடுவதைவிட, எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு வாரத்தில் போய் வாங்கிவிடுவது மேல்.

மாற்றுத்திறனாளிகளுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு என்று மருத்துவர் குழு சான்றளித்தால் தனித்துவ அடையாள அட்டை கிடைக்கும். பராமரிப்பு உதவித்தொகை, பேருந்துச் சலுகை, உபகரணம் என எதைக் கேட்டாலும் அந்த அட்டையில்தான் தொடங்குவார்கள்.

முதியோருக்கு வருவோம். முதியோர் ஓய்வூதியம் 2023-இல் மாதம் 1000 ரூபாயிலிருந்து 1200 ரூபாய் ஆனது. 60 வயது நிரம்பிய எல்லோருக்கும் உரியது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அப்படியல்ல. ஆதரவற்ற, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியவருக்கு என்பதுதான் விதி. விண்ணப்பம் இ-சேவை வழியாக வி.ஏ.ஓ.விடம் போகும், அவர் நேரில் விசாரிப்பார், பிறகு வருவாய் ஆய்வாளர், அதன்பின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். விசாரணையன்று பாட்டி வீட்டில் இருக்க வேண்டும். நூறு நாள் வேலைக்கோ மகள் வீட்டுக்கோ போயிருந்தால், ஆள் இல்லை என்று எழுதி முடித்துவிட வாய்ப்புண்டு. அதனால் விண்ணப்பித்த மறுநாளே வி.ஏ.ஓ. அலுவலகம் போய், “பாட்டி பெயரில் மனு போட்டிருக்கிறோம், எப்போது வருவீர்கள் ஐயா?” என்று கேட்டுவிடுங்கள். நகராட்சிப் பகுதியிலும் வி.ஏ.ஓ. உண்டு.

பிள்ளைகள் இருந்தும் கவனிக்காவிட்டால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தர உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. வக்கீல் வைக்காமல் தாமே மனு கொடுக்கலாம் என்பது பல முதியவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் மகன்மீது மனுக் கொடுக்க மனம் வருவதில்லை, அது வேறு விஷயம். முதலில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

எல்லா வயதினருக்கும் ஒன்று இருக்கிறது: கிளை நூலகம். சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. காசு கட்டிவிட்டுப் போகாமல் இருப்பானேன்? பெரும்பாலும் வெள்ளிக்கிழமை விடுமுறை.

படி 4: இ-சேவை மையத்தில்

முதன்முறை போகிறவர்களுக்கு கேன் எண் ஒன்று உருவாக்குவார்கள். அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த சான்றுகளுக்கும் அதுவே செல்லும். தட்டச்சு செய்பவரின் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, பெயரையும் தலைப்பெழுத்தையும் கதவு எண்ணையும் படித்துப் பார்த்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். கட்டணப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். கொடுத்த தொகைக்கும் விண்ணப்பத்துக்கும் ரசீது வாங்குங்கள். அந்த விண்ணப்ப எண்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் பிடிமானம்.

“ஆள் வைத்து முடித்துத் தருகிறேன்” என்று தாலுகா அலுவலக வாசலில் ஒருவர் நிற்பார். அவர் செய்யப்போவதும் இதே வேலையைத்தான்.

படி 5: அவசரத்துக்கு எண்கள்

நோட்டின் பின்னட்டையில் எழுதுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, மனநல ஆலோசனை 14416, இலவசச் சட்ட உதவி 15100, ரேஷன் புகார் 1967, இணைய மோசடி 1930. சட்ட உதவியைப் பொறுத்தவரை பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கும்.

படி 6: இழுத்தடித்தால்

முதலில் 1100, முதலமைச்சரின் உதவி மையம். விண்ணப்ப எண்ணைச் சொல்லி மனுவாகப் பதியச் சொல்லுங்கள். ரேஷன் அட்டைச் சிக்கல் என்றால் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமே நல்லது. திருத்தம் செய்பவரே எதிரில் உட்கார்ந்திருப்பார்.

அடுத்து ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டம். மனு ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. வாழ்க்கை வரலாறு வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: “இந்தத் தேதியில், இந்த எண்ணில், முதியோர் ஓய்வூதியம் கோரி விண்ணப்பித்தேன். இதுவரை பதில் இல்லை. என்ன நிலையில் உள்ளது என்று தெரிவித்து, ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.” இ-சேவை ரசீது நகலை இணைத்து, மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள்.

தெருவுக்கே உள்ள குறை, அதாவது அங்கன்வாடிக் கட்டடம், குடிநீர், விளக்கு போன்றவை என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். பேசினால் மட்டும் போதாது, தீர்மான நோட்டில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். “ஏன் தரவில்லை?” என்று சண்டைக்கு நிற்காமல், “என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேசைக்கு வந்தது, அவர் என்ன குறிப்பு எழுதினார், நகல் தரவும்” என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். பல நேரங்களில் அதற்கு முன்பே வி.ஏ.ஓ. வீட்டு வாசலில் வந்து நின்று பாட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.