விதையிலிருந்து ஸ்ட்ராபெர்ரி: முளையை அடையாளம் காணும் முறை

காவிரிப் படுகையின் வெயிலுக்கு ஸ்ட்ராபெர்ரி இயல்பான பயிர் அன்று. ஆகவே அடைமழை ஓய்ந்து பனி இறங்கும் கார்த்திகைக் கடைசியில் விதைப்பதே நல்லது. அதற்கு 3 வாரம் முன்பே விதைகளை ஈரத்துணியில் மடித்து, டப்பாவில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். வயல் வண்டல் இறுகிவிடும் என்பதால், தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த தட்டில் விதையைத் தூவி, மண் மூடாமல் விட்டு (வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும்), தெளிப்பானால் நனைத்து வர வேண்டும். முளைக்க 2 முதல் 6 வாரம் ஆகலாம்.

இந்தக் காத்திருப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் உரத்தோடு வந்த புளியாரையாகவே இருக்கும். அதற்கும் மூன்று சிற்றிலைகள் உண்டு என்றாலும், அவை நுனி பிளந்து, இதய வடிவில், ஓரம் வழவழப்பாக இருக்கும், அந்தியில் மடங்கும். ஸ்ட்ராபெர்ரியின் விதையிலைகள் கடுகைவிடச் சற்றே பெரியவை. அடுத்து வரும் இலை ஒற்றையாக, சில பற்களோடும் மெல்லிய மயிரோடும் தோன்றும். மூன்றாகப் பிரிவது பிறகுதான். பல் ஓரத்தை மட்டும் நம்பினால் குப்பைமேனியை வளர்த்துவிடுவோம்: அது தண்டு நிமிர்ந்து கிளம்பும், ஸ்ட்ராபெர்ரியோ தண்டு தெரியாமல் அடியிலிருந்தே காம்புகளை விரிக்கும். ஐயமிருந்தால் நான்கைந்து இலை வரும்வரை பிடுங்க வேண்டாம். கடைப்பழத்தின் விதையாக இருந்தால், தாய்ப்பழத்தின் சுவையை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.