பதவி உயர்வில் பாகுபாடா? முதலில் மனுக்களை எண்ணுங்கள்

"இங்க நம்ம ஆள மண்டோரா போடவே மாட்டானுங்க" என்று, தோட்டத்து மேற்பார்வையாளர் வேலையைப் பற்றி ஒட்டுக்கடையில் சொல்லிவிடலாம். லேபர் ஆபீஸில் அது எடுபடாது. வேலையிடப் பாகுபாட்டுத் தகராறுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம், மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 69எஃப் பிரிவின் கீழ், 2023 ஜனவரி 1 முதல் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநருக்கு உண்டு. உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஆனால் இது வேலையில் இருப்பவரின் தகராறுக்கு உரியது. அதனால் பதவி உயர்வு, சம்பளம், ஓவர்டைம் பங்கீடு ஆகியவற்றில் கணக்கெடுங்கள்.

பலர் சறுக்குவது எதால் வகுப்பது, அதாவது யாரோடு ஒப்பிடுவது என்பதில்தான். பேராக்கின் சுங்கை சிப்பூட்டில் இத்தனை விழுக்காடு இந்தியர்கள், மண்டோர்களில் இத்தனைதான் என்று ஒப்பிட்டால், தகுதி உள்ளவர்கள் எத்தனை பேர் என்ற ஒரே கேள்வியில் கணக்கு விழுந்துவிடும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் ஹேசல்வுட் பள்ளி வழக்கில் சொன்னதும் இதுவே: ஆசிரியர்களைத் தகுதியுள்ள ஆசிரியர்களோடு ஒப்பிடு, மாணவர்களோடு அல்ல.

ஆகவே பதவி உயர்வுக்கு மனுப் போட்டவர்களை எண்ணுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய காலியிட அறிவிப்பைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பதை எண்ணுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். சாதகமான ஆண்டுகளை மட்டும் பொறுக்கினால் எதிர்த்தரப்பு வக்கீல் கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு கற்பனைக் கணக்கு. முதல் பிரிவில் 60 பேர் மனுப் போட்டு 30 பேருக்கு உயர்வு: 50%. இரண்டாம் பிரிவில் 40 பேரில் 8: 20%. 20ஐ 50ஆல் வகுத்தால் 0.4. அமெரிக்காவில் 1978 வழிகாட்டி நெறிகள் 0.8க்குக் கீழே போனால் சந்தேகப்படச் சொல்கின்றன. மலேசியச் சட்டத்தில் அப்படி ஓர் அளவு கிடையாது. ஒப்பீட்டுக்கு மட்டும் சொல்லுங்கள்.

அடுத்து, இது தற்செயலா? மொத்தம் 100 பேரில் 38 பேருக்கு உயர்வு. பேதமில்லாமல் கொடுத்திருந்தால் இரண்டாம் பிரிவுக்கு 15.2 வரவேண்டும், 7.2 குறைகிறது. தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதற்கான கணக்கு: 40 × 60 × 0.38 × 0.62 ÷ 99 = 5.71, அதன் வர்க்கமூலம் 2.39. 7.2ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 3. இரண்டைத் தாண்டினாலே தற்செயல் என்று சொல்வது கடினம்.

ஒரே தோட்டத்தில் இவ்வளவு பேர் கிடைப்பது அபூர்வம். முதல் பிரிவில் 5 பேரில் 3, இரண்டாம் பிரிவில் 4 பேரில் 1 என்றால் விகிதம் 0.42. இரண்டாம் பிரிவில் இன்னும் ஒருவருக்குக் கிடைத்திருந்தால் 0.83! ஓர் ஆளில் கவிழும் கணக்கை நம்பி இறங்காதீர்கள். பல ஆண்டுகளைச் சேருங்கள், சிறிய எண்ணிக்கைக்கு ஏற்ற புள்ளியியல் முறையான ஃபிஷர் சோதனையைப் பயன்படுத்துங்கள்.

சேவை ஆண்டு, லைசென்ஸ், டிவிஷன் (தோட்டப் பகுதி) மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தும் பாருங்கள். மொத்தத்தில் தெரியும் இடைவெளி சில நேரம் டிவிஷன்வாரியாகப் பார்த்தால் காணாமல் போகும். அதை முதலாளிக்கு முன்னால் நீங்களே கண்டுபிடிப்பது நல்லது. கிலோ கணக்கில் சம்பளம் என்றால் மேட்டுக்காடா சமநிலமா என்பதையும் எழுதுங்கள்.

மனுப் போடவே விடாமல் தடுத்திருந்தால் மனுக்கணக்கு உதவாது. தகுதியுள்ளவர்களின் பட்டியலோடு, தடுக்கப்பட்டவரின் வாக்குமூலமும் வேண்டும்.

வேலைநீக்கம் என்றால் கணக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தொழிலியல் உறவுச் சட்டம் 20ஆம் பிரிவின் கீழ் புகார் கொடுக்க 60 நாள்தான்.