உள்ளான்களுக்கு நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதல்கள்

சென்னைக்குத் தெற்கே கோவளம், முட்டுக்காடு கழிமுகங்களுக்கும் கேளம்பாக்கம் உப்பளங்களுக்கும் மழைக்காலத்துக்கு முன்பே வந்து சேரும் வளைமூக்கு உள்ளான், ஏறத்தாழ 60 கிராம் எடையே உள்ள சாம்பல் நிறப் பறவை. பறவை நோக்குவோர் இதைக் கர்லூ சாண்ட்பைப்பர் என்பார்கள். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கு வரும் இப்பறவையை, 2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்பு இனமாக அறிவித்தது. இதற்கு உதவ வேண்டும் என்று நினைப்பவர்களே செய்துவிடும் தவறுகள் சில உண்டு.

அவற்றுள் பெரியது, கழிமுகச் சேற்றைத் தரிசு நிலமாகக் கருதுவது. வெறுமையாகத் தெரியும் அந்தச் சேற்றின் அடியில் புழுக்களும் சிறு நத்தைகளும் பூச்சிகளின் இளம்புழுக்களும் நிறைந்திருக்கின்றன. கீழ்நோக்கி வளைந்த அலகைத் தையல் எந்திரத்தின் ஊசியைப் போல விடாமல் குத்திக் குத்தி உள்ளான் தேடுவது அவற்றைத்தான். இதை அறியாமல், பசுமை என்ற பெயரில் சேற்றுத் திட்டின் மேல் சவுக்கோ அலையாத்தியோ நடுகிறார்கள். அலையாத்தி நல்ல மரம்தான், தன் இடத்தில் வளரும் வரை. திறந்த வெளியில் நடும்போது இரை தேடும் பரப்பு குறைவதோடு, பைரி வல்லூறு வருவதைத் தொலைவிலேயே காணும் வசதியும் போய்விடுவதால், உள்ளான்கள் அந்த இடத்தையே விட்டுவிடுகின்றன.

இதற்கு இணையான தவறு, நீர்நிலை என்றால் விளிம்பு வரை தண்ணீர் நிற்க வேண்டும் என்று ஆழப்படுத்திக் கரையைச் செங்குத்தாக உயர்த்துவது. உள்ளானின் கால் நம் சுண்டுவிரல் அளவுகூட இராது. வயிற்றளவுக்கு மேல் நீர் நிற்கும் இடம் அதற்கு இரை தேட உதவாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர் வற்றும்போது தோன்றும் சரிவான ஈர விளிம்புதான் வேண்டும். 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் ஆழமற்ற அந்த விளிம்புகளே கரைப்பறவைகளின் இரைக்களம்.

படம் எடுக்கப் போகிறவர்கள் ஓய்ந்து நிற்கும் கூட்டத்தை நெருங்குவதும் கெடுதலே. கூட்டம் ஒரே நேரத்தில் எழும்பி, வாலடியின் வெண்மை பளிச்சிடத் திரும்பும் காட்சி அழகானதுதான். ஆனால் ஒவ்வொரு முறை எழும்பும்போதும், திரும்பிப் பறப்பதற்காகச் சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு செலவாகிறது. மார்ச், ஏப்ரலில், சாம்பல் மார்பில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருந்தால் பயணம் நெருங்கிவிட்டது என்று பொருள். அப்போது இன்னும் விலகி நிற்க வேண்டும். தலைகள் நிமிர்ந்து இரை தேடுவது நின்றாலே நீங்கள் அருகில் வந்துவிட்டீர்கள். டிரோன் பறக்கவிடுவதையும் நாயை அவிழ்த்துவிடுவதையும் பற்றி விளக்கத் தேவையில்லை.

இறுதியாக, இங்கேயே வெறுந்தரையில் முட்டையிடும் ஆட்காட்டி, பட்டாணி உப்புக்கொத்தி ஆகிய பறவைகளின் குஞ்சு அசையாமல் படுத்திருப்பதைக் கண்டு, தாய் கைவிட்டுவிட்டது என்று எடுத்துச் செல்கிறார்கள். அது கைவிடப்பட்டதன்று, நீங்கள் நிற்பதால்தான் படுத்திருக்கிறது. சற்றுத் தள்ளி நின்று தாய் கத்திக்கொண்டிருக்கும். வந்த வழியே திரும்பிவிட்டால், குஞ்சு எழுந்து அதனிடம் ஓடிவிடும்.