உங்கள் லேஅவுட்டில் பூங்கா வேண்டுமா? இதைச் செய்யுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சைட் வாங்கியவர்களுக்கு 'ரிசர்வ் சைட்' என்றால் தெரியும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்காக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதுதான் ரிசர்வ் சைட். அந்த இடம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தாலும் அது நம் எல்லோருக்கும் சொந்தம், விட்டுவிடாதீர்கள்.

முதலில் காகிதம். நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் தந்த வரைபடத்தின் நகலையும் தானப் பத்திரத்தின் நகலையும் கையில் வாங்குங்கள். கேட்டும் தரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அப்புறம் வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் தானப் பத்திரமே பதிவாகாமல் இருந்தால் அந்த இடத்தையும் யாராவது மனையாக விற்றுவிட முடியும். ஆக்கிரமிப்பு இருந்தால் அதை அகற்றச் சொல்வதுதான் முதல் மனு, பூங்கா பிறகுதான்.

பணத்துக்கு நல்ல வழி 'நமக்கு நாமே' திட்டம். பூங்கா வேலைக்கான செலவு மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். குடியிருப்போர் சங்கம் சேர்ந்து திரட்டலாம், ஊரில் இருக்கும் மில்காரர்களிடமும் தாராளமாகக் கேளுங்கள். கிராமம் என்றால் மே 1, ஆகஸ்ட் 15 போன்ற நாட்களில் நடக்கும் கிராம சபையில் பூங்கா வேண்டும் என்று தீர்மானமாகவே எழுத வையுங்கள்.

மதிப்பீடு போடும்போதே தண்ணீருக்கும் வேலிக்கும் பராமரிப்புக்கும் கேளுங்கள். வேம்பு, புங்கன் வையுங்கள், நம் வெயிலுக்கு அதுதான் தாங்கும்.