செப்பாங்குக்குப் போகும் முன்: எம்எக்ஸ்-5 காரின் பிரேக்கைத் தயார் செய்யும் முறை

மலேசியாவின் செப்பாங் கார்ப் பந்தய ஓடுதளம் 5.543 கிலோமீட்டர். அதில் இரண்டு நீண்ட நேர்பாதைகள் உண்டு. இரண்டையும் இணைப்பது பதினைந்தாவது வளைவான ஒரு கொண்டை ஊசி. பின்பக்க நேர்பாதையின் கோடியில் முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்கிறோம். அந்தச் சூடு முழுதாக ஆறுவதற்குள் அடுத்த நேர்பாதையும் தீர்ந்து, முதல் வளைவுக்காக மீண்டும் மிதிக்கிறோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், என் 1991 மஸ்டா எம்எக்ஸ்-5 காரை அங்கே முதன்முறையாக ஓட்டியபோது, நான்காவது சுற்றில் அதே முதல் வளைவில் பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. விட்டுவிட்டு இரண்டு முறை மிதித்ததும் பாதி அழுத்தம் திரும்பியது. கார் சரளைக்குள் போய் நின்றது, யாருக்கும் அடியில்லை. அன்று மாலை என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பெரிய காலிப்பர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) வாங்கச் சொன்னார்கள். வாங்கியிருந்தால் அடுத்த முறையும் அதே சரளையில்தான் நின்றிருப்பேன். கொதித்தது பிரேக் எண்ணெய்.

ஆகவே காசை எடுக்கும் முன் காலால் நோயைக் கண்டுபிடியுங்கள். மிதி பஞ்சுபோல் அமுங்கித் தரையைத் தொட்டால் எண்ணெய் கொதித்திருக்கிறது: எண்ணெய் நசுங்காது, அதிலிருந்து எழும் ஆவி நசுங்கும். மிதி கல்லாக இறுகி நின்றும் கார் நிற்காவிட்டால் பிரேக் பேட், அதாவது காலிப்பருக்குள் இருந்து டிஸ்கில் உரசும் கட்டை, தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு.

இந்தக் கார் ஓட்டுநரோடு சேர்த்து ஏறக்குறைய 1,050 கிலோ. 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு இறங்கினால், சுமார் ஒன்பது இலட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு அது, சில நொடிகளில். இரண்டு டன் காரோடு ஒப்பிட்டால் இது பாதிதான். இலேசான காருக்குப் பெரிய பிரேக் முதல் தேவை அல்ல என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

முதல் வேலை எண்ணெய். டாட் என்பது பிரேக் எண்ணெயின் தரக்குறியீடு. சாதாரண டாட் 4 எண்ணெய்க்கு விதிப்படி இருக்கவேண்டிய குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 155. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நம் மலேசியக் காற்றில் அது எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஊற்றுவது மோட்டுல் ஆர்பிஎஃப் 600 என்ற பந்தய எண்ணெய். புதிதாக 312, ஈரம் ஏறினால் 205. மூடி திறந்த பாட்டிலில் மீந்ததை அடுத்த மாதத்துக்கு வைக்காதீர்கள். சிலிக்கான் வகையான டாட் 5 பக்கமே போகவேண்டாம், டாட் 5.1 வேறு பொருள், அது சரி.

மாற்றுவதற்கு இருவர் வேண்டும். வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் நம் காரில், மிதியின் அழுத்தத்தை எண்ணெய்க்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் வலப்புறம் இருப்பதால், அதற்கு மிகத் தொலைவான இடப் பின்சக்கரத்தில் தொடங்கி, வலப் பின், இட முன், வல முன் என்று வருகிறேன். தம்பி உள்ளே உட்கார்ந்திருப்பான். "அழுத்து" என்பேன். "அழுத்திவிட்டேன் அண்ணா, பிடித்திருக்கிறேன்" என்று அவன் சொன்ன பிறகே, பழைய எண்ணெய் வெளியேற காலிப்பரிலுள்ள திருகைத் திறப்பேன். மூடிய பிறகே "விடு" என்பேன். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாக ஓடாத அடிப்பகுதி துருப்பிடித்திருக்கும். மிதி தரைவரை போனால் ரப்பர் வளையம் அங்கே உரசிக் கிழியும். தொட்டியில் எண்ணெய் வற்றவிடாதீர்கள்.

அடுத்தது பேட். சாலைக்கும் தளத்துக்கும் ஒரே பேட் வேண்டுமென்றால் ஃபெரோடோ டிஎஸ்2500 போன்ற நடுத்தர வகையில் தொடங்கலாம். முழுப் பந்தய பேட் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது; மழைநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் அதை நம்பக்கூடாது. அதைப் போடுபவர்கள் ஓடுதளத்திலேயே மாற்றிக்கொள்வது நல்லது. புதிய பேட்டைப் பழக்க, ஆளில்லாத இடத்தில் 100லிருந்து 20 கிலோமீட்டர்வரை பத்துமுறை வலுவாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல். பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதுவே சரி.

பின்சக்கரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அங்கே கைப்பிரேக் காலிப்பருக்குள்ளேயே வேலை செய்வதால், பேட்டைத் தள்ளும் பிஸ்டனைக் கவ்வி வைத்து நெருக்கித் தள்ளினால் உள்பொறி கெடும். காலிப்பரின் பின்னாலுள்ள மூடித் திருகைக் கழற்றி, உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் (அறுகோணச் சாவி) திருப்பிப் பின்னிழுக்க வேண்டும். புதிய பேட் போட்டதும், அது டிஸ்கைத் தொடும்வரை திருகி, பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்வாங்குங்கள். இது தெரியாமல் கெட்ட காலிப்பர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் எண்ணெய் கொதித்தால் காற்றைக் கொண்டுவாருங்கள். முன் பம்பரிலிருந்து 75 மில்லிமீட்டர் குழாய் ஒன்றை டிஸ்கின் நடுப்பகுதிக்கு இழுக்க வேண்டும். டிஸ்கின் முகத்தில் ஊதினால் ஒரு பக்கம் மட்டும் குளிரும். நடுவில் ஊதினால் உள்ளிருக்கும் துடுப்புகள் காற்றை உறிஞ்சி வெளியே வீசும்.

டிஸ்க் கடைசியில்தான். 1.6 லிட்டர் காரின் முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர், பின்னால் வந்த 1.8இல் 255. அந்த டிஸ்கையும் காலிப்பர் தாங்கியையும் பழைய பாகக் கடையில் தேடிப் போட்டால் பெரும்பாலோருக்குப் போதும். பின்பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். முன்பக்கம் மட்டும் பெரிதானால் பின்சக்கரம் தன் பங்கைச் செய்யாது. துளையிட்ட டிஸ்க் வேண்டாம், சூட்டில் துளைகளிலிருந்து விரிசல் ஓடும். வெறும் டிஸ்கே நல்லது. குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அளந்து பாருங்கள்.

தளத்தில் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். நிறுத்தியதும் கைப்பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அடுத்த முறை தளத்தில் இறங்கும் முன், நின்ற இடத்திலேயே மிதியை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினால் அன்று ஓட்டவேண்டாம்.